அவர் வராவிட்டால் என்ன, நீங்கள் போங்கள்

கேள்வி: என் கணவருக்கு ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய்) என்று எட்டு மாதங்களுக்கு முன்பு உறுதியானது. வலது கையில் பிடிப்பே இல்லை, இப்போது பேச்சும் லேசாகக் குழறுகிறது. இந்த நோய் உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கூடும் ஆதரவுக் குழுவுக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். "வீல்சேரில் இருப்பவர்களைப் பார்த்து, நாளைக்கு நானும் இப்படித்தான் என்று தெரிந்துகொள்ளவா?" என்று கோபப்படுகிறார் இவர். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போகலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தாராளமாகப் போங்கள் சகோதரி, இதில் குற்ற உணர்வே வேண்டாம். பல குழுக்களில் பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே தனிக் கூட்டம் உண்டு, வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். என் அண்ணனை நான் பார்த்துக்கொண்ட நாட்களில், முதல் கூட்டத்தில் ஒரு ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். ஏழு என்றேன். ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க, அடியில் வழுக்கும் துணி ஒன்றை விரிக்கச் சொன்னார். என் இடுப்பு பிழைத்தது அதனால்தான்.

அப்புறம் எழுத்து அட்டை. அண்ணனுக்குப் பேச்சு நின்றபோது 247 எழுத்துகளையும் எழுதிவைத்துக்கொண்டு திணறினோம். குழுவில் ஒருவர், 12 உயிரும் 18 மெய்யும் போதும், நீங்கள் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், அவர் கண்ணைச் சிமிட்டட்டும் என்றார் (இந்த நோயில் கண் அசைவு பெரும்பாலும் கடைசிவரை தங்கும்). த், ஊ, ங், க், உ. அண்ணன் முதலில் சொன்னது "தூங்கு". என்னைத்தான்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, வற்புறுத்தாதீர்கள். ஆனால் இந்த நோய் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை. பெரும்பாலோருக்கு 2 முதல் 5 வருடம், சுமார் பத்தில் ஒருவர் 10 வருடத்தைத் தாண்டுகிறார், மிக அபூர்வமாக ஸ்டீபன் ஹாக்கிங் போல 1963-ல் 21 வயதில் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்தவரும் உண்டு. அங்கே பார்க்கும் ஒருவரின் நிலைமை அப்படியே இவருக்கும் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேச்சு குழறுகிறது என்று எழுதியிருப்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். பின்னால் கணினி அவர் குரலிலேயே பேச வேண்டுமென்றால் இப்போதே பதிவுசெய்ய வேண்டும், நாள் கடத்தாதீர்கள். விழுங்கச் சிரமமாகும்போது உணவு செலுத்த வயிற்றில் குழாய் வைப்பதையும், மூச்சுத்திறன் பாதிக்குக் கீழே இறங்கும் முன் முடிவுசெய்வதே பாதுகாப்பு. இதையெல்லாம் டாக்டரும் சொல்வார், ஆனால் குழாய் வைத்துக்கொண்டவர் வீட்டில் காலையில் எப்படிக் கழுவுகிறார்கள், என்ன பயம் இருந்தது, எப்போது போனது என்று அவர்களிடமே கேட்பது வேறு.

ஒரே ஒரு எச்சரிக்கை: முழுவதும் குணமாக்கும் மருந்து என்று அங்கே யாராவது விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. முதல் குழு ஒத்துவரவில்லையா, வேறு குழுவைப் பாருங்கள், வெளியே போக முடியாத நாட்களில் வீடியோவில் சேரலாம். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்பார்.