குளிரில் எப்படி வினை நடக்கும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேட்டை நட்சத்திரத்தின் பக்கத்தில், இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனைச் சுற்றிச் 'சர்க்கரை' இருப்பதாகச் சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் 31 வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே ஓய்வு பெற்றேன். நீங்களோ மைனஸ் 263 டிகிரியில் கரிமச் சேர்மங்கள் உண்டாகின்றன என்கிறீர்கள். அந்தக் குளிரில் எது எதோடு வினைபுரியும்? தூசிக்கு அங்கே என்ன வேலை?

கு.

அன்புள்ள கு. அவர்களுக்கு,

சர்க்கரை என்றது என் அவசரம். ஐராஸ் 16293 என்ற அந்த இளம் விண்மீனைச் சுற்றி, 2012இல், சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி மூலம் கண்டறியப்பட்டது கிளைக்கோலால்டிஹைடு. இரண்டே கார்பன் அணுக்கள். குறைந்தது மூன்று கார்பனாவது இல்லாமல் அதைச் சர்க்கரை என்று நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். செய்திக்காரர்கள் இனிப்பாகச் சொன்னார்கள், நானும் அப்படியே விழுங்கிவிட்டேன்.

உங்கள் கரும்பலகையில் பிழை இல்லை. விண்மீன்கள் பிறப்பது வாயுவும் தூசியும் கலந்த குளிர்ந்த முகிலில். அதில் மிதக்கும் வாயுவை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வினைகள் பல நடப்பது அரிதுதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் அங்கே மோதினால் சேரும்போது வெளிப்படும் ஆற்றலை இறக்கிவைக்க இடம் இல்லை. அந்த ஆற்றலே அவற்றை மறுபடி பிரித்துவிடும். தூசி வருவது இங்கேதான். சிலிக்கேட்டும் கரியும் கலந்த துகள், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழிப்போக்கர்களுக்குத் திண்ணை போல. ஓர் அணு வந்து ஒட்டிக்கொள்ளும், அடுத்தது வரும்வரை அங்கேயே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சும் ஆற்றலைத் துகள் வாங்கிக்கொள்ளும். ஒரு துகளின் மேல் ஏறத்தாழ நாளுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு வந்து விழலாம். அவசரமே இல்லாத வேலை; கையில் லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன.

முகிலில் வெப்பநிலை 20 கெல்வினுக்கு (மைனஸ் 253 டிகிரி) கீழே போனதும் கார்பன் மோனாக்சைடும் துகளின்மேல் உறைந்து படிகிறது. அதோடு ஹைட்ரஜன் சேர வேண்டும். நடுவே, வினை தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றல் என்ற மேடு நிற்கிறது, நீங்கள் கேட்பதும் அதைத்தான். பத்து கெல்வினில், அதாவது நீங்கள் சொன்ன மைனஸ் 263 டிகிரியில், அந்த மேட்டை ஏறிக் கடக்க முடியாது. ஆனால் ஹைட்ரஜன் மிக லேசான அணு, மேட்டை ஊடுருவியே மறுபக்கம் போய்விடும். இயற்பியல்காரர்கள் இதை டனலிங் என்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் ஏறினால் ஃபார்மால்டிஹைடு வழியாக மெத்தனால் வந்துவிடுகிறது.

காகிதக் கணக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வதனபேயும் கோச்சியும் 2002இல் பத்து கெல்வின் பனியின் மேல் குளிர்ந்த ஹைட்ரஜன் அணுக்களைப் பாய்ச்சி ஃபார்மால்டிஹைடையும் மெத்தனாலையும் எடுத்துக் காட்டினார்கள். ஹைட்ரஜன் முழுதும் சேராமல் பாதிவழியில் நிற்கும் துண்டுகள் இரண்டு அருகருகே அகப்பட்டால் அவை சேர மேடே கிடையாது. இரண்டு கார்பன் சேர்மம் தயார். 2015இல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வகத்தில் கிளைக்கோலால்டிஹைடே இப்படிக் கிடைத்தது. புற ஊதா ஒளியைக்கூட அவர்கள் பயன்படுத்தவில்லை.

இவ்வளவும் பனிக்குள் புதைந்து கிடந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பீர்கள். விண்மீன் சூடேறி, சுற்றியுள்ள துகள்கள் நூறு கெல்வினைத் தொடும்போது பனி ஆவியாகிறது. வெளியே வந்த மூலக்கூறுகள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைவரிசைகளில் ரேடியோ அலையை உமிழ்கிறது. ஓரியன் பகுதியில் வி883 என்ற விண்மீன் திடீரெனப் பிரகாசமாகி, தன்னைச் சுற்றியுள்ள வாயு, தூசி வட்டின் பனியை வெகுதூரம் வரை ஆவியாக்கியிருக்கிறது. அங்கே 2019இல் மெத்தனாலோடு அசிட்டோனும் தென்பட்டது, நகச்சாயத்தை அழிக்கப் பயன்படுகிறதே, அதே அசிட்டோன்.

ஆனி மாதத்து இரவில் ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கு வானில் கேட்டை செம்மையாகத் தெரியும். கையை நீட்டிப் பிடித்து, அதற்கு வடக்கே ஒரு விரற்கடை தள்ளிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஐராஸ் 16293 இருக்கும் இடம் அதுதான்.