சாம்பேனில் ஆர்.ஈ.ஓ. ஸ்பீட்வேகன் பேச்சு வந்தால்

தம்பி, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துச் சாம்பேனுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருப்பதாகவும், மதியச் சாப்பாட்டில் மூத்த சகாக்கள் ஏதோ 'ஸ்பீட்வேகன்' என்று மணிக்கணக்கில் பேசுவதாகவும், என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே வருகிற நம் ஆட்கள் எல்லோருக்கும் நடப்பதுதான்.

அது ஆர்.ஈ.ஓ. ஸ்பீட்வேகன், இந்த ஊர் ராக் குழு. 1967-ல் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த நீல் டவுட்டியும் ஆலன் கிராட்சரும் ஆரம்பித்தது. பெயர் ஒரு பழைய லாரியினுடையது. போக்குவரத்து வரலாற்று வகுப்பின் கரும்பலகையிலிருந்து டவுட்டி எடுத்தார். லாரியை 'ரியோ' என்பார்கள், குழுவை ஆர்.ஈ.ஓ. என்று எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள்.

யூடியூபில் 'கீப் ஆன் லவிங் யூ' கேட்டுவிட்டு, "ஓ, காதல் பாட்டு கோஷ்டியா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடத்துக்கு வந்தது 1981-ல். இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமையெல்லாம் அதற்கு முந்தைய பத்து வருஷம். முதல் ஆல்பம் 1971-ல் வந்தது, பெரிதாகப் போகவில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் ரசிகர்களைச் சேர்த்தார்கள். பாடகர்கூட நிலைக்கவில்லை: கெவின் குரோனின் 1972-ல் வந்தார், அடுத்த வருஷமே போனார், 1976-ல் திரும்பி வந்தார். 1977-ல் வந்த மேடைப் பதிவுதான் அவர்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. அதில் ஆச்சரியமில்லை, மேடைதானே பிழைப்பு. அப்புறம் 1980 கடைசியில், ஒன்பதாவது ஸ்டூடியோ ஆல்பமாக, 'ஹை இன்ஃபிடெலிட்டி'. அடுத்த ஆண்டு அமெரிக்க ஆல்பம் வரிசையில் 15 வாரம் முதலிடம். அமெரிக்காவில் விற்பனை ஒரு கோடியைத் தொட்டது. அதுவரை இசைத்தட்டு வெளியிடும் எபிக் கம்பெனி இவர்களைக் கைவிடாமல் வைத்திருந்தது. இன்று யார் அப்படிப் பொறுப்பார்கள்?

கிட்டார் கேரி ரிச்ராத், பக்கத்துப் பியோரியா பகுதிக்காரர். 1989-ல் விலகினார், 2015-ல் இறந்தார். அவர் பேரை எடுத்தால் உங்களுக்கு மரியாதை கூடும்.

ஒரு எச்சரிக்கை. குரோனினுக்கும் பாஸ் கிட்டார் வாசிக்கும் புரூஸ் ஹாலுக்கும் ஒத்துப்போகாமல், 2024-உடன் சுற்றுப்பயணம் நின்றுவிட்டது. ஹால் இந்த ஊர்க்காரர். 2025 ஜூனில் பழைய ஆட்கள் இங்கேயே ஸ்டேட் ஃபார்ம் சென்டர் அரங்கில் சேர்ந்து வாசித்தார்கள், குரோனின் இல்லாமல். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நழுவிவிடுங்கள்.

பதிலுக்கு, "நீங்கள் முதலில் அவர்களை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அன்றைக்கு ஒரு மணிக்கு மீட்டிங் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.