தகடு இல்லாத பழைய மாசி ஃபெர்குசன்: எந்த மாடல், எங்கிருந்து வேலையைத் தொடங்குவது?

கேள்வி: அப்பா ஓட்டிய மாசி ஃபெர்குசன் டிராக்டர் பத்தாண்டுக்கு மேலாகக் கொட்டகையில் நிற்கிறது. மாடலும் நம்பரும் எழுதிய தகடு விழுந்துவிட்டது. ஒரு மெக்கானிக் 35 என்கிறார், இன்னொருவர் 1035 என்கிறார். எஞ்சின் சுற்றவில்லை. நிறுத்துவதற்கு முன்பே லிஃப்ட் சரியாகத் தூக்கவில்லை. இணையத்தில் '35-க்கான 3 சிலிண்டர் லைனர் பிஸ்டன் கிட்' கிடைக்கிறது. வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா?
– தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: கிட்டை இப்போது வாங்காதீர்கள். உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் பேனட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள். பழைய மாசியில் பேனட், பெயர்ப்பட்டை, பெயின்ட் மூன்றும் கைமாறிக்கொண்டே இருக்கும். அவற்றை நம்பிப் பாகம் வாங்கினால் காசு போகும்.

35 முதலில் இங்கிலாந்தில் 1956-ல் ஃபெர்குசன் 35 என்ற பெயரில் வந்தது. மாசி ஃபெர்குசன் என்ற பெயரும் சிவப்பு நிறமும் அடுத்த ஆண்டின் கடைசியில் வந்தன. ஆரம்பத்தில் டீசல் வண்டிகளில் இருந்தது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 4 சிலிண்டர் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் எஞ்சின் என்று பெயரெடுத்தது. 1959 கடைசியில் அதன் இடத்துக்குப் பெர்கின்ஸ் கம்பெனியின் 3 சிலிண்டர் எஞ்சின் வந்தது. சென்னையில் டிராக்டர் கம்பெனியான டாஃபே தொடங்கியது 1960-ல். நம் ஊரில் ஓடும் 1035 அந்த வழியில் வந்ததுதான். பாடி ஜாடை ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

எஞ்சினில் குழப்பத்துக்கு இடமில்லை. இங்கிலாந்து 35-ல் இருக்கும் பெர்கின்ஸ் 3.152 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ. இங்கே சிம்சன் கம்பெனி தயாரித்த, 3.144 வகையைச் சேர்ந்த எஞ்சினில் விட்டம் 88.9 மி.மீ. இரண்டிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 127 மி.மீ.தான். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றில் ஏறாது. இணையத்தில் '35 கிட்' என்று விற்பவை பெரும்பாலும் 3.152-க்கு உரியவை. ஹெட்டைக் கழற்றியதும் வெர்னியரால் குறுக்கே அளந்து பாருங்கள். தேய்மானம், ஓவர்சைஸ் எல்லாம் சேர்ந்தாலும் 2.5 மி.மீ. வித்தியாசத்தை மறைக்காது. ஹெட்டைத் திறக்கும் அவசியமே வராவிட்டால் இன்னும் நல்லது. பிளாக்கில் தட்டியிருக்கும் எஞ்சின் நம்பரைத் தேடுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும். டீசலில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போதும்.

டீசல் பம்பையும் பாருங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் மூன்று குழாய்களும் ஒரே நேர்வரிசையில் கிளம்பினால் இன்லைன் பம்ப். உருண்டையான தலையைச் சுற்றி வட்டமாகக் கிளம்பினால் டிபிஏ என்கிற டிஸ்ட்ரிபியூட்டர் பம்ப். டிபிஏ பம்புக்கு உள்ளே ஓடும் டீசல்தான் மசகு. இன்லைன் பம்புகள் பலவற்றுக்குத் தனியாக ஆயில் ஊற்ற வேண்டும், பழைய ஆயிலையும் மாற்ற வேண்டும். இன்லைன் பம்பின் பின்புறத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குப் போகிறதா? போனால் அது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் கவர்னர். அதனுள் இருக்கும் டயாஃப்ரம் பத்தாண்டில் காய்ந்து கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிழிந்திருந்தால் ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சின் முழு டீசலையும் வாங்கிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்ப் பட்டறையில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி சுற்றாத எஞ்சின். இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளையும், ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் ரிங் உடையும். முதலில் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். அப்படி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சைலன்சர் வாய் மூடாமல் மழையில் நின்றிருந்தாலும் வரும்.

பிறகு மூன்று நாசிலையும் கழற்றிவிட்டு, பாதி டீசல் பாதி எஞ்சின் ஆயில் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் 50 மி.லி. அளவு ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரல் அசைந்தாலும் போதும், மறுபடி கலவை ஊற்றி அடுத்த நாள் ஆட்டுங்கள். முழுச் சுற்று வந்த பிறகும் நாசிலை மாட்டாமல் செல்ஃபில் சுற்றவிட்டு, உள்ளே இருக்கும் கலவையை வெளியேற்றுங்கள். நாசில் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். ஒரு வாரம் முயன்றும் அசையாவிட்டால்தான் ஹெட்டைத் திறக்கும் பேச்சு.

செல்ஃப் சத்தமே காட்டாவிட்டால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். ஹை–லோ லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காதபடி இந்த வண்டிகளில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. பேட்டரி மாட்டும்போதும் கவனம் வேண்டும். டைனமோ உள்ள பழைய வண்டி பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்வதாக, இருக்கலாம். பாடியில் முறுக்கியிருக்கும் பழைய கேபிள் எந்த முனைக்கு வந்தது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய எஞ்சின் ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 15டபிள்யூ-40 ஊற்றுங்கள். ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும். கடைசி அரை லிட்டரை டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வு முனையில் விடும் இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்ததும் அதன் இரண்டு வால்வுக்கும் இந்த இடைவெளியை வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு சுற்று சுற்றினால் 2, இன்னொரு மூன்றில் இரண்டு பங்கு சுற்றினால் 3. பிறகு ஸ்டாப் குமிழை இழுத்தே வைத்துக்கொண்டு, ஆயில் கேஜ் முள் எழும்பும் வரை விட்டுவிட்டுச் செல்ஃபில் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆகிச் சூடேறிய பிறகு ஓடும் வேகத்தில் 30 முதல் 60 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும்.

டேங்கைக் கழற்றிக் கழுவிய பிறகே புது டீசல் ஊற்றுங்கள். ஏர் எடுக்கும், அதாவது டீசல் பாதையில் அடைந்த காற்றை வெளியேற்றும், வரிசை மாறக் கூடாது: முதலில் ஃபில்டர் மேல் ஸ்குரூ, அடுத்து பம்பில் உள்ள ஸ்குரூ, கடைசியாக நாசில் குழாய் நட்டு. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லீவர் இழுத்தால் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடுகிறதா? பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேம் மேட்டில் நின்றிருக்கும். எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் லீவர் பிடிக்கும். நாசில் நட்டைத் தளர்த்திச் சுற்றும்போது மட்டும் ஸ்டாப் குமிழை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள்.

லிஃப்ட் விஷயத்தில் பலர் ஆயிரக்கணக்கில் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பாடிக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைத் தரும் தண்டு. பி.டி.ஓ. லீவரைப் போடாவிட்டால் லிஃப்ட் தூக்காது. கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில், ஏறக்குறைய 30 லிட்டர். வலது பக்க மூடியில் இருக்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கியர் லீவர் அடியில் உள்ள ரப்பர் கிழிந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். அந்தத் தண்ணீர் பம்பின் கன்ட்ரோல் வால்வைத் துருவேற்றி ஒட்டவைத்துவிடும். உங்கள் வண்டியிலும் அதுவாகவே இருக்கலாம்.

அடியில் இருக்கும் எல்லா வடிகால் பிளக்கையும் திறந்து ஒரு ராத்திரி வடியவிடுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கும். ரப்பரை மாற்றிவிட்டு கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவான யு.டி.டி.ஓ. (UTTO) வகை டிராக்டர் ஆயில் ஊற்றுங்கள். கியர் பாக்ஸ்தானே என்று கெட்டியான 90 ஆயில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை உறிஞ்ச பம்ப் திணறும்.

அப்படியும் தூக்காவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக் இருக்கும் மூடியைக் கழற்றி, கன்ட்ரோல் வால்வைக் கையால் முன்பின் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். ஒட்டியிருந்தால் டீசல் ஊற்றி அசைத்து விடுவிக்கலாம். அடுத்து, கையை எடுத்துவிட்டு, கல்டிவேட்டரை மாட்டி, மெதுவான வேகத்தில் எஞ்சினை ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே உள்ள லிஃப்ட் சிலிண்டரின் வாயிலிருந்து ஆயில் கொட்டினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. அதற்கு சீட்டோடு மேல்மூடியைத் தூக்க வேண்டும், செயின் பிளாக் இல்லாமல் முயல வேண்டாம். எங்கும் ஆயில் கொட்டாமல் தூக்கவும் இல்லையென்றால் பம்ப் வால்வுகளைப் பார்க்க வேண்டும். உள்ளே ஷாஃப்ட் சுற்றும், வேட்டியோ தோளில் துண்டோ வேண்டாம்.

பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அட்ஜஸ்ட்மென்ட்டைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். டிரம்மைக் கழற்றினால் லைனிங் ஆயிலில் ஊறியிருக்கும். ஆக்சில் சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதே கதைதான். டயர் வாங்கும்போது பழைய 11-28, இன்றைய 12.4-28 இரண்டும் ஒரே அளவு. முன்சக்கரம் பெரும்பாலும் 6.00-16.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் சரிபாருங்கள். விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அப்பா காலமாகியிருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டிருந்தால் அதை ஆர்.சி.யில் பதிவு செய்யாமல் விடாதீர்கள். தகடு இல்லையே என்று கடையில் புதுத் தகடு அடித்து நம்பரை வெட்டி மாட்டிவிடாதீர்கள், அது வழக்கில் கொண்டுபோய் விடும். பெயின்ட் அடிக்கும் முன், தட்டியிருக்கும் எண்களின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் கிரீஸ் தடவி டேப் ஒட்டச் சொல்லுங்கள்.