மாசியில் தோட்டம் போடும்போது ‘மூடாக்கு’ போடச் சொல்கிறார்களே, அது என்ன?

செடியைச் சுற்றி வெறுமையாகக் கிடக்கும் மண்ணைச் சருகு, வைக்கோல் போன்றவற்றால் போர்த்தி வைப்பதுதான் மூடாக்கு. எங்கள் வேலூர்ப் பக்கம் மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்தான்) சுலபமாகக் கிடைக்கும்.

எதற்கு? மாசியில் நட்ட கத்திரியும் வெண்டையும் காய்க்கும்போது பங்குனி, சித்திரை வந்துவிடும். வேலூரில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். வெறும் மண்ணில் ஊற்றிய தண்ணீர் நுண்ணிய துளைகள் வழியே மேலேறி ஆவியாகிவிடும். மண் சூடாகி, மேலாக ஓடும் சல்லிவேர்கள் வாடும். போர்வை இருந்தால் வெயிலும் காற்றும் மண்ணை நேராகத் தொடாது. வெளிச்சம் படாததால் களையும் குறையும்.

லாங்கு பஜாரில் பூக்கட்டும் அம்மா ஈரத்துணி போட்டு மூடிய மல்லிகைச் சரம் சாயங்காலம் வரை தாங்கும். திறந்து வைத்தது மதியத்துக்குள் துவண்டுவிடும். அதே கணக்குதான்.

முதலில் மண் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் லேசாகத் தெளிக்கும் தண்ணீர் சருகோடு நின்றுவிடும். 2 அல்லது 3 அங்குலக் கனம் போதும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். தண்டு அழுகும், கரையானும் ஏறும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்கும் இதே பக்குவம்தான் (அதில் களை பிடுங்கிக் கை கிழிந்தவர்களுக்கு மூடாக்கின் அருமை தெரியும்).

மூடாக்கு போட்டால் எரு வேண்டாம் என்று பலர் நினைத்து, காய்ந்த சருகை மண்ணோடு கிளறியும் விடுகிறார்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி மஞ்சளாகும். எரு மண்ணுக்குள், மூடாக்கு மண்ணுக்கு மேல்.