பட்டைச் செருப்பு வாங்கினால் ஆறு பிழைக்குமா?

கேள்வி: குரோமியம்தான் பாலாற்றைக் கெடுத்தது என்கிறார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட செருப்பு வாங்கினால் பாவம் சேராதல்லவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) 26 வருடம் மேஸ்திரியாக இருந்தவன் நான். அந்தப் பாவக்கணக்கில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி என்று நான் கைகாட்டுவது உப்பை.

ஆட்டுத்தோல் அழுகாமல் வந்து சேர, கிலோவுக்கு 400 கிராம் அளவில் உப்புப் போடுவார்கள். ஷாப்புக்கு வந்ததும் ஊறப்போட்டுக் கழுவினால் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். பிறகு பதனிடுவது பட்டையிலோ குரோமியத்திலோ, இந்த முதல் கழுவல் இரண்டுக்கும் ஒன்றுதான். பட்டைத் தோலுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலும் கிணறுகள் உப்பாகத்தானே போயின?

குரோமியம் நல்லது என்று சொல்லவில்லை. தோலைப் பதனிடச் சுழற்றும் டிரம்மில் போடுவதில் 60, 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பச்சைநீலத் தண்ணீராக வெளியே வரும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். அதை அமிலத்தில் கரைத்துத் திரும்பவும் டிரம்மில் போடலாம், காசும் மிச்சம். (ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரையே மஞ்சளாக்கியது வேறு வகைக் குரோமியம். அது ஒரு ரசாயன ஆலை கொட்டிவிட்டுப் போன கழிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

உப்பு அப்படிப் படியாது. 1996-இல் தோல் ஷாப் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் எங்கள் ஷாப்புக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் வந்தது. அங்கே சவ்வில் வடிகட்டி, கொதிக்கவைத்து ஆவியாக்கினாலும் கடைசியில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு மிஞ்சும். சமையலுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. அடுக்கி வைத்துக் காவல் காக்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த உருப்படியான வேலை, நனைக்கும் முன்பே தோலை மரச்சட்டத்தில் போட்டு உதறுவது. உப்பு பொலபொலவென்று கொட்டும். ஆனால் அதற்கு இரண்டு ஆள் கூலி ஆகும். அந்த இரண்டு கூலியை மிச்சம் பிடித்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது.

சரி, செருப்புக்கு வருகிறேன். பட்டைச் செருப்பு தாராளமாக வாங்குங்கள், கால் வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றுக்காக என்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள். அப்புறம், மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், விறைத்துவிடும்.