பானட் லீவர் லொடலொடவென வருகிறதா? அறுக்க விடாதீர்கள்

கேள்வி: 12 வருஷப் பழைய பிக்கப் வைத்திருக்கிறேன். பானட் லீவரை இழுத்தால் லொடலொடவென கையோடு வருகிறது, பானட் திறக்கவில்லை. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி நெருங்குகிறது. பட்டறையில் அறுத்துத்தான் எடுக்கணும் என்கிறார்கள். ஒரு புரோக்கர் இன்சூரன்ஸில் புது பானட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: லாக் துருப்பிடித்திருந்தால் லீவர் இறுக்கமாக இருக்கும். லொடலொடவென வந்தால் கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். உள்ளே ஓடும் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது அதை மூடியிருக்கும் வெளிக்குழாய் லீவர் பக்கத்துக் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கலாம். அப்போது கம்பியோடு குழாயும் சேர்ந்து நகரும், இழுப்பு லாக் வரை போகாது.

டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியைக் கட்டிங் பிளேயரால் நேராக இழுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் லாக்குக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தி அழுத்தி விடட்டும். லாக் கொக்கியின் மேலுள்ள பாரம் குறைந்தால்தான் அது விடும். பானட்டின் நடுத்தகட்டில் குத்தாதீர்கள், பள்ளம் விழும்.

கம்பி கையோடு வந்துவிட்டால் முன்பக்கம்தான் வழி. இன்ஜின் ஆறிய பிறகு கிரில்லைக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் சட்டென்று உடையும், பொறுமை வேண்டும். லாக்கில் துரு ஸ்ப்ரே அடித்து 15 நிமிடம் விட்டு, கேபிள் மாட்டியிருக்கும் சின்ன நெம்புகோலை, கேபிள் இழுக்கும் திசையிலேயே நீள ஸ்குரூ டிரைவரால் தள்ளுங்கள். முனை ரேடியேட்டரில் பட்டால் ஓட்டை விழும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்: வண்டி எப்போதாவது முன்னால் இடித்திருந்தால். பானட்டுக்கும் இரண்டு பக்க மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் விரல் போகிறது, மறுபக்கம் ஒட்டியிருக்கிறது என்றால் கொக்கி கோணலாகச் சிக்கியிருக்கும். கேபிள் நன்றாக இருந்தாலும் விடாது. பலமாக இழுத்தால் கேபிளும் அறுந்து வேலை இரட்டிப்பாகும். லாக் போல்ட்டைக் கீழிருந்து தளர்த்தத் தெரிந்த டிங்கரிடம் கொண்டுபோங்கள். முன்பு எந்தப் பக்கம் இடித்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புரோக்கர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் மோட்டார் பாலிசியில் இழப்பீடு கிடையாது. பானட்டை அறுத்துவிட்டு விபத்து என்று எழுதினால் அது பொய் கிளெய்ம். கையெழுத்து உங்களுடையது, மாட்டுவதும் நீங்கள்தான்; கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பது நியாயமான விதி. ஆனால் ஒரு கேபிள் கோளாறுக்குக்கூட வண்டிக்காரர் புரோக்கரிடம் ஓடும்படி நடைமுறையைச் சிக்கலாக்கி வைத்திருப்பதை எப்படிப் பொறுப்பது? கேபிளை மட்டும் கேட்டால் முழு லாக் செட்டையும் தலையில் கட்டும் கடைகளும் உண்டு. பழைய கேபிளைக் கையில் கொண்டுபோய், நீளமும் இரு முனைகளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பானட் திறந்ததும் உடனே மூடிவிடாதீர்கள், மறுபடி மாட்டும். புதுக் கேபிள் போட்டு, லாக்கில் கிரீஸ் தடவி, திறந்த நிலையிலேயே கொக்கியை ஸ்குரூ டிரைவரால் பூட்டும் நிலைக்குத் தள்ளுங்கள். லீவரை இழுத்தால் டக்கென்று விடணும். ஐந்தாறு தடவை தவறாமல் விட்ட பிறகு மூடுங்கள். மூடியதும் லீவரை இழுத்து, இரண்டாவது கொக்கி பானட்டைப் பிடித்து நிறுத்துகிறதா என்றும் பாருங்கள். அது பிடிக்காத வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. ஓட்டத்தில் பானட் தூக்கினால் முன்கண்ணாடி முழுக்க மறைந்துவிடும்.