வீடு பூட்டியிருந்தால் 'போலி' என்று எழுதலாமா?

தம்பி, கோத்தகிரிப் பக்கம் முதியோர் உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்க்கும் பயிற்சியில், இரண்டு முறை போயும் வீடு பூட்டியிருந்த பாட்டியைப் 'போலிப் பயனாளி' என்று குறிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேதி, நேரம் போட்டு 'ஆள் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். அறுபதைத் தாண்டியும் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் அங்கே உண்டு. பகலில் போனால் எப்படி இருப்பார்கள்? சாயங்காலம் போங்கள்.

கைரேகை பதியவில்லை என்பதையும் மோசடிக் கணக்கில் சேர்க்காதீர்கள், இலை பறித்தே ரேகை தேய்ந்திருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி பெயர் இருப்பதும் சகஜம்தான்.

நிஜமாகத் தேட வேண்டியது, இறந்தவர் பெயரில் யாராவது பணம் எடுக்கிறார்களா என்பதை. உங்கள் மேற்பார்வையாளர் மூலம் கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம், மாதாமாதம் வரும் உதவித்தொகையை நிறுத்துவது வட்டாட்சியர் வேலை, உங்களுடையது அல்ல.